நியூயார்க்கில் ஜாஸ் கேட்கப் போகிறீர்களா?

நியூயார்க் போனால் ஒரு திங்கட்கிழமை இரவை வில்லேஜ் வான்கார்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். 1935-இல் தொடங்கிய கிளப். படியிறங்கிப் போனால் நிலவறையில் சின்ன அறை. 1966-இலிருந்து திங்கள்தோறும் 16 பேர் கொண்ட பெரிய குழு அங்கே வாசிக்கிறது. அத்தனை டிராம்போனும் டிரம்பெட்டும் சேர்ந்து எழும்பும்போது மேசையில் இருக்கும் தம்ளர்கூட லேசாக அதிரும்.

டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள். இருக்கை முந்தி வந்தவருக்குத்தான், அதனால் கதவு திறக்கும் முன்பே போய் நிற்பது நல்லது. டிக்கெட் போக ஆளுக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும். மது பிடிக்காதா, சோடா போதும். வாசிக்கும்போது பேச்சும் கூடாது, போனும் கூடாது. அப்புறம், ஒருவர் தனியாக வாசித்து முடித்ததும், பாட்டு ஓடிக்கொண்டிருந்தாலும், தாராளமாகக் கைதட்டலாம்.