மது வரி: வாங்கின காசு செல்லும்னு பின்னாடி வர்ற சட்டத்தை எப்படி படிக்கிறது

வேலிடேஷன் ஆக்ட்னு பேரைப் பார்த்ததும் புது வரி போட்டுட்டாங்கன்னு பாதி பேர் குதிக்கிறாங்க. அது இல்லைங்க, ஏற்கனவே வாங்கி கஜானாவுல போட்ட காசு செல்லும்னு பின்னாடி குத்துற முத்திரை, அவ்ளோதான். ஆஸ்திரேலியாவோட 2009 சட்டத்தை வச்சு சொல்றேன்.

வோட்கா, ரம்முல சோடா கலந்து ரெடிமேடா பாட்டில்ல விப்பாங்கல்ல, அங்க ஆல்கோபாப்னு சொல்வாங்க, அதுக்கு 2008 ஏப்ரல் 27ல இருந்து வரியை சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 39.36 டாலர்ல இருந்து 66.67 டாலருக்கு ஏத்திட்டாங்க. சட்டம் எதுவும் பாஸ் ஆகல. கீழ்சபையில அறிவிப்பை வச்சாலே வசூலை ஆரம்பிச்சுடலாம், சட்டம் அப்புறமா வரணும், அங்க முறை அப்படி. ஆனா 2009 மார்ச்ல மேல்சபையான செனட்ல 34-34, அங்க சமமா வந்தா மசோதா தோத்ததா கணக்கு, கிட்டத்தட்ட ஒரு வருஷ வசூல் அந்தரத்துல தொங்குச்சு.

அந்தக் காசைக் காப்பாத்த வந்ததுதான் இந்த வேலிடேஷன் சட்டம், இப்போ அதைப் பிரிச்சுப் படிங்க. முதல்ல தேதியைத் தேடுங்க, மத்ததெல்லாம் அப்புறம். 2008 ஏப்ரல் 27 முதல் 2009 மே 13 வரைன்னு இருக்கும், இந்தச் சட்டம் காப்பாத்துறது அந்த இடைவெளியை மட்டும்தான். மே 14ல இருந்து வரி தொடரணும்னா அதுக்கு வேற சட்டம் வேணும், அது ஆகஸ்ட்லதான் பாஸ் ஆச்சு. அப்புறம் ஜோடி இருக்கான்னு பாருங்க, உள்ளூர் தயாரிப்புக்கு எக்சைஸ், இறக்குமதிக்கு கஸ்டம்ஸ், ரெண்டுக்கும் தனித்தனி சட்டம், ஒண்ணை மட்டும் படிச்சா பாதிக்கதைதான்.

அடுத்தது, சட்டம் வராம இருந்தா காசு யார்கிட்ட திரும்பப் போயிருக்கும்? வரி கட்டினது கம்பெனி, பாட்டில் விலையில அதைக் கொடுத்தது குடிச்சவன், ரீஃபண்டு குடிச்சவனுக்கு வராதுங்க. வரியை எதிர்த்தவங்களே இந்த வேலிடேஷன் சட்டத்துக்கு ஆதரவு கொடுத்தது அதனாலதான்.

கடைசியா, முத்திரை குத்துறவங்களுக்கு அந்த வரியைப் போடவே அதிகாரம் இருந்துச்சான்னு பாருங்க. 1997ல ஒரு சிகரெட் கேஸ்ல, மாநிலங்கள் லைசென்ஸ் ஃபீஸ்னு வாங்குறது உண்மையில எக்சைஸ், அது மத்திய அரசுக்கு மட்டும்தான்னு ஹைகோர்ட் சொல்லிடுச்சு (அங்க அதுதான் உச்ச நீதிமன்றம்). மது, பெட்ரோல் ஃபீஸும் அதோட போச்சு. மாநிலமே போட முடியாத வரியை மாநிலமே செல்லும்னு எப்படி சொல்லும்? அதனால மத்திய அரசு குறுக்குவழி பிடிச்சுச்சு: கட்டின பழைய ஃபீஸை மாநிலத்துகிட்ட இருந்து யாராவது ரீஃபண்டா வாங்கினா, அந்தத் தொகைக்கு 100 சதவீதம் வரி.