பிரெஞ்சு டாக்டரிடம் உடம்பு நோவைச் சொல்வது எப்படி

பிரான்ஸுக்கு வந்த புதிதில் கடைக்குப் போக, பஸ் ஏற எல்லாம் நாலு வார்த்தை சீக்கிரமே வந்துவிடும். டாக்டர் முன்னால் உட்காரும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். காய்ச்சலில் தெரிந்த வார்த்தையும் மறந்துபோகும். அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பழகிவிடுங்கள்.

முதல் வார்த்தை 'ஜே மால்', அதாவது எனக்கு வலிக்கிறது. இந்த 'ஜ'வை நாக்கு மேலே ஒட்டாமல், 'ஷ'வைக் கொஞ்சம் அதிரவிட்டுச் சொல்வதுபோல் சொல்ல வேண்டும். தலைவலியோ தலையிடியோ, நீங்கள் எப்படிச் சொன்னாலும் இங்கே 'ஜே மால் ஆ லா தெத்'. தொண்டைக்கு 'ஆ லா கோர்ஜ்', வயிற்றுக்கு 'ஓ வாந்த்ர்', முதுகுக்கு 'ஓ தோ', பல்லுக்கு 'ஓ தான்'. எது 'ஆ லா', எது 'ஓ' என்பது ஆண்பால், பெண்பால், பன்மை கணக்கு. அது தவறினாலும் டாக்டருக்குப் புரியும், அதை யோசித்துக்கொண்டு பாதியில் நிறுத்தாதீர்கள்.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் தவறக் கூடாது. 'கேர்' என்றால் இதயம், ஆகவே 'ஜே மால் ஓ கேர்' என்றால் நெஞ்சுவலி என்றுதான் யாருக்கும் தோன்றும். இல்லை, அதற்குக் குமட்டுகிறது என்று அர்த்தம். என் மாமியார் அப்படித்தான் சொன்னார். டாக்டர் அவரிடம் 'வூ ஸவே வொமி?' என்று கேட்டிருக்கிறார், வாந்தி எடுத்தீர்களா என்று. கேள்வி புரியாமல், மரியாதைக்குத் தலையாட்டி 'வீ' (ஆமாம்) என்று சொல்லிவிட்டு, வாந்திக்கான மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்தார். மருந்துக்கடையில் டப்பாவைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்து, அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டு ஓடினேன். ஈசிஜி எடுத்தார்கள், பயப்படும்படி ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவர் சொல்லியிருக்க வேண்டியது 'ஜே மால் ஆ லா ப்வாத்ரீன்'. ப்வாத்ரீன் என்றால் மார்பு. இறுக்கிப் பிடிக்கிறது என்றால் 'சா சேர்', எரிகிறது என்றால் 'சா ப்ர்யூல்', குத்துகிறது என்றால் 'சா பீக்', அரிக்கிறது என்றால் 'சா க்ராத்'. மார்பு இறுக்கி, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், அல்லது மூச்சுவிடவே முடியாவிட்டால் ('ஜே த்யு மால் ஆ ரெஸ்பிரே') அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் 15-ஐ அழையுங்கள், அதுதான் இங்கே மருத்துவ அவசர எண்.

மாமியார் விஷயத்திலிருந்து நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது, புரியாத கேள்விக்கு 'வீ' சொல்லாதீர்கள். 'ஜ ந கொம்ப்ரான் பா' (எனக்குப் புரியவில்லை) என்று சொல்வதில் வெட்கமே இல்லை. 'வூ பூவே லெக்ரீர், சில் வூ ப்ளே?' என்றால் எழுதித் தருவார்கள், வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், நாம் சொல்லும் சில வார்த்தைகளை அப்படியே பிரெஞ்சுக்குக் கொண்டுபோக முடியாது. வாயு பிடித்துக்கொண்டது என்பதை 'ஜே தெ காஸ்' என்று சொன்னால், வயிற்றில் காற்று சேர்ந்து பிரிகிறது என்றுதான் டாக்டர் எடுத்துக்கொள்வார். விலாவிலோ முதுகிலோ வலி என்றால் அந்த இடத்தைத் தொட்டுக்காட்டி 'ஜே மால் இசி' என்றாலே போதும். உடம்புச் சூடு என்பதும் அவர்களுக்குப் புரியாது. 'ஜ ஸ்வி ஷோ' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதற்கு வேறு விதமான அர்த்தம் இருக்கிறது. சூட்டினால் நீர்க்கடுப்பு என்றால் நீர்க்கடுப்பை மட்டும் சொல்லுங்கள்: 'சா ப்ர்யூல் கான் ஜ்யுரீன்'. நோய்க்கு நாமே பெயர் வைக்காமல் உடம்பில் நடப்பதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மயக்கம் இன்னொரு சிக்கல், தலை சுற்றினாலும் மயக்கம் என்போம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம் என்போம். தலைசுற்றலுக்கு 'ஜே லா தெத் கி தூர்ன்', நினைவு தப்பியதற்கு 'ஜே பெர்த்யு கொனெஸான்ஸ்'. இரண்டுக்கும் செய்யும் பரிசோதனைகள் வேறு, பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது 'ஜே தெ ஃபூர்மி தான் லெ ஜாம்ப்', காலில் எறும்புகள் இருக்கின்றன என்று அர்த்தம். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று நாம் சொல்வதேதான்!

எத்தனை நாளாக என்று கட்டாயம் கேட்பார்கள், 'தெப்வி கான்?' என்று. நேற்றிலிருந்து என்றால் 'தெப்வி யேர்', மூன்று நாளாக என்றால் 'தெப்வி த்ருவா ஜூர்'. 'ஜே த லா ஃபியேவ்ர் தெப்வி யேர்', நேற்றிலிருந்து காய்ச்சல். வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்றும் கேட்கலாம். பொறுத்துக்கொள்கிற பழக்கத்தில் மூன்று என்று சொல்லிவிடாதீர்கள், ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் 'ஜ ந தோர் பா' என்று அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

'வூ ப்ரெனே அன் த்ரெத்மான்?' என்று கேட்டால், தினமும் சாப்பிடும் மருந்து ஏதாவது உண்டா என்று அர்த்தம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். ஊர் மாத்திரையின் பிராண்ட் பெயர் இங்கே தெரியாமல் போகலாம், அதனால் அட்டையையே எடுத்துப் போங்கள், அதில் உள்ள மருந்தின் பெயரைப் பார்த்து அவரே தெரிந்துகொள்வார். சர்க்கரை இருந்தால் 'ஜ ஸ்வி தியாபெதீக்'. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் 'ஜ ஸ்வி அலெர்ஜீக் ஆ லா பெனிசிலீன்', இதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். கடைசியில் 'ப்ரீஸ் த சான்' என்று எழுதிக்கொடுத்தால் ரத்தப் பரிசோதனை, பக்கத்தில் 'ஆ ஜன்' என்று இருந்தால் காலையில் காபிகூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு போக வேண்டும்.