பதினாறு லட்சம்: பழைய பென்ஸா, புதிய வெர்னாவா?

என் தங்கை மகன் காரைக்குடியில் மருந்துக் கடை வைத்திருக்கிறான். சென்ற மாதம் திருச்சிக்கு வந்தவன், காபி ஆறுவதற்குள் கைப்பேசியை நீட்டினான். கறுப்பு மெர்சிடிஸ் சி கிளாஸ், 2017 மாடல், டீசல், 68,000 கிலோமீட்டர், விலை 16 லட்சம். "மாமா, இதே காசுக்குப் புது ஹூண்டாய் வெர்னாவும் வருகிறது. நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள்" என்றான். பென்ஸுக்குப் பதினான்கு படங்கள் வைத்திருந்தான். வெர்னாவுக்கு ஒன்றுகூட இல்லை. மனம் எங்கே கிடக்கிறது என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

முப்பத்தோரு ஆண்டுகள் மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்தவன் நான். நசுங்கிய கார்களைச் சுற்றிவந்து செலவை எழுதியே என் காலம் போனது. ஆகவே நான் சொல்லும் யோசனையில் விபத்து வாடை கொஞ்சம் அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, இரண்டு விலைகளையும் ஒரே தராசில் வைப்பது. புதிய காரின் ஷோரூம் விலை 13 லட்சம் என்றால், தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையுள்ள கார்களுக்கு ஆயுள் வரி 18 சதவீதம். அதாவது 2 லட்சத்து 34 ஆயிரம். பத்து லட்சத்தைத் தாண்டுவதால், டிசிஎஸ் என்று ஒரு சதவீத வரியை விற்பவரே முன்கூட்டிப் பிடிப்பார். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். காப்பீட்டையும் சேர்த்தால் 16 லட்சம் ஆகிவிடும். ஷோரூம் வாசலில் பளபளவென்று நிற்கும் உச்ச விலை டர்போ ஆட்டோமேட்டிக் வேறு ரகம். அது இருபதைத் தாண்டும். உங்கள் 16 லட்சத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் டர்போ இல்லாத 1.5 லிட்டர் வெர்னா அல்லது ஹோண்டா சிட்டி, இல்லையென்றால் ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் வைத்த ஸ்கோடா ஸ்லாவியா அல்லது ஃபோக்ஸ்வாகன் விர்டுஸ். எல்லாமே பெட்ரோல். இந்த ரகத்தில் புதிய டீசல் கார் இப்போது கிடையாது.

பழைய காருக்கு வேறு கணக்கு. தமிழ்நாட்டுப் பதிவெண் என்றால் ஆயுள் வரி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, பெயர் மாற்றம் மட்டும்தான். டெல்லி, ஹரியானா எண் என்றால் உஷாராகுங்கள். தலைநகர்ப் பகுதியில் பத்து வயதான டீசல் கார்களை ஓட்டக் கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதிலிருந்து அந்தப் பக்கத்து டீசல் சொகுசுக் கார்கள் மலிவு விலையில் தெற்கே இறங்கத் தொடங்கின. படிவம் 28இல் என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, வயதுக்கேற்ற ஆயுள் வரியையும் கட்டி முடிக்கும்போது, "மூன்று லட்சம் மலிவு" என்று வாங்கியவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். கார் பழசானால் அதன் விலை இறங்கும். அதன் உதிரிபாகங்களின் விலை இறங்காது. இன்று 16 லட்சத்துக்கு விற்றாலும் அது நாற்பது லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய கார்தான். அதன் எல்இடி ஹெட்லைட் ஒன்றே லட்சத்தைத் தாண்டும் எஸ்டிமேட்டுகளில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேலைக்கூலியும் அப்படித்தான். பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் எஞ்சினில், வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் முன்பக்கம் இல்லை. கியர்பாக்ஸை ஒட்டிப் பின்பக்கம் இருக்கிறது. செயின் தளர்ந்துவிட்டால், அதைத் தொடுவதற்கே கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்கியாக வேண்டும். காரைக்குடிக்காரனுக்கு இதை விளக்குவது எளிது. "உங்கள் ஊரில் எண்பது அறை உள்ள வீட்டை யாராவது சும்மா கொடுத்தால் வாங்குவாயா?" என்று கேட்டேன். ஓடு மாற்றும் செலவை நினைத்துக் கொஞ்சம் பேசாமல் இருந்தான்.

காப்பீடு இருக்கிறதே என்பார்கள். பாலிசியைப் படித்துப் பாருங்கள். 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 7,897 ரூபாய். அதற்குக் கீழே, ஆயிரத்துக்கு மேல் என்றால் 3,416 ரூபாய். இந்த வித்தியாசம் பெரிதில்லை. வலிப்பது தேய்மானக் கழிவு. ஐந்து முதல் பத்து வயதுள்ள காரின் உலோகப் பாகங்களில் 40 சதவீதத்தையும், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதியையும் உரிமையாளரே ஏற்க வேண்டும். கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. இந்தக் கழிவை நீக்கும் ஜீரோ டிப்ரிசியேஷன் கவர் பெரும்பாலும் ஐந்து வயதோடு நின்றுவிடும். ஆக, எட்டு வயது சொகுசுக் கார் ஒரு மாட்டு வண்டியில் இடித்தால், பம்பரில் பாதி உங்கள் சட்டைப்பையிலிருந்து போகும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பழுதுபார்க்கும் செலவு ஐடிவி என்ற காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அந்தக் காரை முழு இழப்பாகக் கணக்கிடுவோம். ஐடிவி ஆண்டுதோறும் இறங்குகிறது, உதிரிபாக விலையோ இறங்குவதில்லை. ஆகவே பழைய சொகுசுக் கார் இந்த எல்லையைச் சீக்கிரம் எட்டிவிடுகிறது. நாலு ஏர்பேக் வெடித்து, ரேடியேட்டர், போனட், இரண்டு ஹெட்லைட் போனாலே போதும். உரிமையாளருக்குப் பணம் கிடைத்துவிடும். நொறுங்கிய கார் ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் இன்னொரு நொறுங்கிய காரிலிருந்து பாகங்களைக் கழற்றி மாட்டி, பாலிஷ் போட்டு நிறுத்துவார். நீங்கள் கைப்பேசியில் பார்த்து மயங்கும் கார் அதுவாகவும் இருக்கலாம்.

எனவே காரைப் பார்ப்பதற்கு முன் பாலிசித் தாளைக் கேளுங்கள். எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கூடச் செய்யக்கூடிய சோதனை இது. தாளில் என்சிபி என்று ஒரு சதவீதம் இருக்கும். இழப்பீடே கேட்காமல் ஓட்டியவருக்கு அது 20, 25, 35, 45, 50 என்று ஆண்டுக்கு ஆண்டு ஏறும். "ஒரே ஓனர், ஒரு கீறல்கூட இல்லை" என்கிறாரா? அப்படியானால் 2017 காருக்கு 50 இருக்க வேண்டும். பூஜ்யமோ 20ஓ இருந்தால், அண்மையில் ஏதோ நடந்திருக்கிறது. என்சிபி ஆளோடு போகும், காரோடு வராது. ஆகவே சமீபத்தில் கை மாறியிருந்தாலும் குறைவாக இருக்கலாம். எதுவானாலும் கேள்வி கேளுங்கள். தாளைக் காட்டத் தயங்குகிறவரிடம் காரைப் பார்க்கவே போகாதீர்கள். அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் கடன் பிணையம், நிலுவை அபராதம் இரண்டையும் அன்றே பார்த்துவிடலாம்.

பிறகு கார். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். போனட்டைத் தொட்டால் சூடாக இருந்ததா? உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். எல்லாக் கண்ணாடிகளின் மூலையிலும் ஆண்டுக் குறி இருக்கும். ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கலாம். முன்சக்கரத்தை மூடும் ஃபெண்டர் தகட்டின் போல்ட்டுகளில் பெயின்ட் உடைந்திருக்கிறதா பாருங்கள், உடைந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் ஏர்பேக் இல்லாமலும் இருக்கலாம்.

சென்னைக் கார் என்றால் தண்ணீரைத் தேடுங்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விடவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால், வெளியே தெரியாத பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். அதைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, தரைவிரிப்புக்கு அடியில் ஈரம், காருக்குள் தூக்கலான மல்லிகை வாசனை, மூன்றும் கெட்ட சகுனம். பல பிஎம்டபிள்யூ மாடல்களில் பேட்டரி டிக்கியின் அடியில் இருக்கிறது. அந்தக் குழியில் விரலைவிட்டுத் தடவிப் பாருங்கள். கடைசியாக, சில ஆயிரம் செலவானாலும் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் லிஃப்டில் ஏற்றி, ஸ்கேனர் போட்டு, சர்வீஸ் வரலாற்றை வாங்குங்கள். சேசிஸ் எண் தெரிந்தால் ஓடோமீட்டர் பொய்யை அங்கேயே பிடித்துவிடலாம்.

இவ்வளவு தெரிந்த நானும் ஏமாந்திருக்கிறேன். 2014இல் ஆறு வயது ஜெர்மன் கார் ஒன்று வாங்கினேன், பெயர் வேண்டாம். எல்லாச் சோதனையிலும் தேறியது. எட்டாவது மாதம் ஒரு விடியற்காலையில் வாசலில் போய்ப் பார்த்தால், முன்காலை மடித்துப் படுத்த மாட்டைப் போலக் கிடந்தது. ஸ்பிரிங்குக்குப் பதில் காரைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் காற்றுப்பையின் ரப்பரில் வெடிப்பு. அதற்குக் காற்றடித்து அடித்தே கம்ப்ரஸரும் கருகிவிட்டது. ஒரு லட்சத்து எண்பதாயிரம். "நம் அம்பாசடர் ஒருநாளும் படுத்ததில்லை" என்றாள் என் மனைவி. அம்பாசடர் படுத்த நாட்களை நான் நினைவூட்டவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காரில் சென்னை நெடுஞ்சாலையில் போன சுகம் எந்தப் புதிய நடுத்தரக் காரிலும் எனக்கு வாய்க்கவில்லை. உளுந்தூர்ப்பேட்டை தாண்டியும் முதுகு வலிக்காது. லாரியைக் கடக்கும்போது ஸ்டியரிங் கையில் துடிக்காது. இந்த ஆசையைக் கேலி செய்பவன் அல்ல நான். பாதுகாப்பில் மட்டும் பழைய வாதம் இப்போது பலவீனமாகிவிட்டது. 2023இல் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் ஸ்லாவியா, விர்டுஸ், வெர்னா மூன்றும் ஐந்து நட்சத்திரம் வாங்கின.

மருமகனுக்கு நான் போட்ட கோடு இதுதான். கையில் இருக்கும் 16 லட்சம் முழுவதையும் காருக்கே கொடுக்க வேண்டிய நிலை என்றால் புதியது. பழைய சொகுசுக் கார்தான் வேண்டும் என்றால் 12 லட்சத்துக்குள் வாங்கு. மீதி நான்கை வங்கியில் தனியாகப் போட்டு, அது ஏற்கெனவே செலவாகிவிட்டதாக நினைத்துக்கொள். மறுவிற்பனையைப் பார்த்துக் குழம்பாதே. என் கணிப்பில் நான்கு ஆண்டு கழித்து இரண்டும் ஏறக்குறைய பாதி விலைக்குத்தான் போகும். வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறதா, இந்தக் கார் நின்றுபோனால் அதன் சர்வீஸ் சென்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஏற்றிச் செல்ல வேண்டும், இந்த இரண்டும்தான் கேள்வி. அவனிடம் வேறு வண்டி இல்லை. காரைக்குடியிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ தொண்ணூறு கிலோமீட்டர். தினமும் கடைக்கும் வீட்டுக்கும் நான்கு கிலோமீட்டர் ஓட்டம். பிஎஸ்6 என்ற புதிய மாசு விதிப்படி வந்த டீசலாக இருந்தால் இந்தக் குறுகிய ஓட்டத்தில் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். சூடேறாத பழைய டீசலுக்கும் அது நல்ல வாழ்க்கை அல்ல.

அந்தக் கறுப்பு பென்ஸ்காரரிடம் பாலிசித் தாளைக் கேட்டான். நாளைக்கு அனுப்புகிறேன் என்றவர் பிறகு அழைப்பை எடுக்கவில்லை. போன வாரம் அவன் வெர்னாவுக்கு முன்பணம் கட்டினான். நேற்று இரவு எனக்கு இன்னொரு படம் அனுப்பியிருக்கிறான்: வெள்ளை பிஎம்டபிள்யூ ஃபைவ் சீரிஸ், 2016, கோயம்புத்தூர் எண். கூடவே பாலிசித் தாளும். என்சிபி 50.