குதிரைக்கு உடம்பு ஏற, செலவு ஏறாமல் தீவனம் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஆடி மாதம் அந்தியூர் சந்தையில் குதிரை வாங்கி வந்தவர்கள் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை படி கொள்ளு வைக்கணும்?" என்பதுதான். கொள்ளுக் கணக்கு கடைசியில் வர வேண்டியது. முதலில் புல்லுக்குக் கணக்குப் போடுங்கள், பணம் மிச்சமாகும், குதிரைக்கும் உடம்பு ஏறும்.

1. எடை பாருங்கள்

எடைமேடை தேவையில்லை, தையல்கார டேப் போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவை அளக்கவும். அப்புறம் தோள் முனையிலிருந்து பின்புட்ட முனை வரை நீளத்தை அளக்கவும், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 145 என்றால் ஏறத்தாழ 312 கிலோ. வளர்ந்த குதிரைக்கு இது பொருந்தும், குட்டிக்குப் பொருந்தாது.

எண் மட்டும் போதாது, கையால் தடவியும் பார்க்கணும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், விரலால் தடவினால் மட்டும் தட்டுப்பட்டால் நல்ல உடம்பு. தொப்பையை வைத்து முடிவு செய்யாதீர்கள், வைக்கோல் மட்டும் தின்கிற குதிரைக்கும் புழு நிறைந்த குதிரைக்கும்கூட வயிறு பெருத்துத்தான் இருக்கும்.

2. தீவனத்தைக் கூட்டுவதற்கு முன்

மெலிந்த குதிரை என்றால் முதல் செலவு தீவனத்துக்கு அல்ல, கால்நடை மருத்துவருக்கு. பல் ஓரம் கூராக வளர்ந்திருந்தால் மென்ற புல்லை உருண்டையாகக் கீழே துப்பும், முழுத் தானியம் சாணத்தில் அப்படியே வரும். அதை ராவி விட வேண்டும். சாணத்தைப் பரிசோதித்துப் புழுவுக்கு மருந்து கொடுக்கவும். நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போய், விட்டுவிட்டுக் காய்ச்சலும் வந்தால் சர்ரா நோய்க்கு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஈ கடித்துப் பரவும் அந்த நோயை எந்தத் தீவனமும் தீர்க்காது.

3. விலையை உலர் எடையில் ஒப்பிடுங்கள்

ஒரு நாளைக்கு உடல் எடையில் சுமார் 2 சதவீதம் உலர் தீவனம் தேவை. 300 கிலோ குதிரைக்கு 6 கிலோ, அதில் குறைந்தது நாலரை கிலோ புல்லும் தட்டுமாக (காய்ந்த பயிர்த் தண்டு) இருக்க வேண்டும். உலர் என்றால் தண்ணீரைக் கழித்த எடை. பசும்புல்லில் ஏறத்தாழ 80 சதவீதம் தண்ணீர், காய்ந்த புல்லில் 10 சதவீதம்தான்.

உதாரணத்துக்கு, உங்கள் ஊரில் பசும்புல் கிலோ 4 ரூபாய், காய்ந்த கடலைக்கொடி கிலோ 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் புல்தான் மலிவு. தண்ணீரைக் கழித்தால் புல் கிலோ 20 ரூபாய், கொடி 13 ரூபாய் சொச்சம்! தண்ணீருக்குக் காசு கொடுத்து, அதைச் சுமந்தும் வருகிறோம். சொந்த வரப்பில் புல் இருந்தால் பேச்சே வேறு, தாராளமாக அறுத்துப் போடுங்கள்.

4. எந்தப் புல், எந்தத் தட்டு

நம் பக்கம் அதிகம் நடக்கிற கூட்டணி, கம்பு நேப்பியர் என்ற ஒட்டுத் தீவனப் புல்லும் கோதுமைத் தவிடும்தான். மாட்டுக்குச் சரி. குதிரைக்கு இதையே மாதக்கணக்கில் போட்டால் எலும்பு கெடும். நேப்பியரில் உள்ள ஆக்சலேட் என்ற உப்பு கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும், குதிரை நொண்டும், முக எலும்பு வீங்கும். கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) வளரும் கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் உண்டு.

அதற்காக நேப்பியரை விட்டுவிட வேண்டியதில்லை, கால்சியம் நிறைந்த கொடி வகையைக் கூடச் சேர்த்தால் போதும். குதிரை மசால் (லூசர்ன் என்ற பயறு வகைத் தீவனம்) கிடைத்தால் நல்லது, ஆனால் விலை. என் கணக்கில் நமக்கு வாய்த்த மலிவுச் சரக்கு நிலக்கடலைக் கொடிதான், அதுவும் அறுவடை சமயத்தில் காட்டிலேயே பேசி வாங்கினால். வாங்கும்போது உதறிப் பாருங்கள், வேரில் மண் நிறைய வரும், அது குடலில் தங்கினால் வயிற்றுவலி. பூஞ்சை வாடை அடித்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அருகம்புல் அருமையான தீவனம், அளவாகக் கிடைப்பதுதான் குறை.

வைக்கோல் வாயை வேலையாக வைத்திருக்கும், உடம்பு ஏற்றாது. சூபாபுல் மரத் தழையில் உள்ள மிமோசின் என்ற நச்சுப் பொருள் பிடரி, வால் முடியை உதிர்த்துவிடும். பச்சைச் சோளத்தில் மேய விடாதீர்கள், சிறுநீர்ப்பையும் பின்னங்காலும் பாதிக்கப்படும்.

300 கிலோ குதிரைக்கு ஒரு நாள் கணக்கு இப்படி வரும்: பசும்புல் 15 கிலோ, கடலைக்கொடி இரண்டரை கிலோ, ஊறுவதற்கு முன் எடை போட்ட கொள்ளு முக்கால் கிலோ. மொத்தம் உலர் எடையில் ஏறத்தாழ 6 கிலோ. புல்லை மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, ராத்திரிக்கும் நிறையப் போட்டு வையுங்கள். குதிரையின் இரைப்பையில் அமிலம் எந்நேரமும் சுரந்துகொண்டே இருக்கும், வெறும் வயிற்றில் விட்டால் புண்.

5. கொள்ளும் மற்றவையும்

புல் கணக்கு சரியாகி, பல்லும் புழுவும் பார்த்தும் உடம்பு ஏறாவிட்டால்தான் இதைக் கூட்டணும். கொள்ளை ராத்திரி ஊறவைத்து, வேகவைத்து, ஆறியதும் கொடுங்கள். படியால் அளக்காமல் தராசில் போடுங்கள், ஒரு படி கொள்ளும் ஒரு படி தவிடும் ஒரே எடை கிடையாது. ஒரே வேளையில் ஒரு கிலோவைத் தாண்ட வேண்டாம்.

மக்காச்சோளம் மலிவாகச் சக்தி தரும், ஆனால் மாவுச்சத்து அதிகம். மொத்தமாகக் கொட்டினால் வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வரும், அதனால் உடைத்து, கொஞ்சமாக. அதற்குப் பதில் சமையல் எண்ணெய் சேர்க்கலாம், 100 மில்லி எண்ணெய் கால் கிலோ மக்காச்சோளத்தின் சக்தியைத் தரும். செலவு கூடத்தான், ஆனால் மாவுச்சத்துத் தொல்லை இல்லை. 50 மில்லியில் தொடங்கி இரண்டு வாரத்தில் 150 வரை ஏற்றலாம். தினமும் 30 கிராம் கல்லுப்பு, எப்போதும் சுத்தமான தண்ணீர்.

6. மலிவாகக் கிடைத்தாலும் தொடக் கூடாதவை

மாட்டுத் தீவன மூட்டை, கோழித் தீவன மூட்டை இரண்டும் வேண்டவே வேண்டாம். சிலவற்றில் மோனென்சின் போன்ற மருந்து கலந்திருக்கும், மாட்டுக்கு நல்லது செய்கிற அளவே குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும், மாற்று மருந்தும் கிடையாது. பக்கத்துக் கொட்டகையில் மாடு இருந்தால் கலக்கும் பாத்திரத்தையே தனியாக வையுங்கள். மூட்டையில் அடைத்து விற்கிற ஊறுகாய்ப் புல்லும் (காற்றுப் புகாமல் புளிக்க வைத்த பசுந்தீவனம், சைலேஜ்) குதிரைக்கு ஆகாது, கெட்ட மூட்டையில் வளரும் பொட்டுலிசம் நஞ்சைக் குதிரை தாங்காது. நறுக்கிய பசும்புல்லைக் குவித்து வைத்துச் சூடேறிய பின் போடுவதும் கூடாது.

7. மெதுவாக மாற்றி, திரும்ப அளங்கள்

பழைய தீவனத்தில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து 10 நாளில் முழுதாக மாற்றுங்கள். எலும்பும் தோலுமாக வந்த குதிரைக்குப் பாவம் பார்த்து முதல் நாளே தானியம் வைத்தால் அதுவே உயிருக்கு ஆபத்து. மருத்துவர் சொல்கிறபடி குதிரை மசாலைக் கைப்பிடி கைப்பிடியாக, அடிக்கடி கொடுத்துத்தான் தொடங்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே டேப்பால், அதே நேரத்தில் அளந்து சுவரில் எழுதி வையுங்கள். எடை ஏறாவிட்டால் முதலில் புல்லைக் கூட்டுங்கள், அப்புறம் எண்ணெய், கடைசியாகத் தானியம். பிடரி தடித்து, விலா விரலுக்கே தட்டுப்படாமல் போனால் இதையே தலைகீழாகச் செய்யுங்கள்: தானியத்தையும் எண்ணெயையும் நிறுத்துங்கள், புல்லை மட்டும் நிறுத்தாதீர்கள்.