கடலுக்குள் படமெடுக்க வருகிறீர்களா? மூச்சிலிருந்து தொடங்குங்கள்

திருகோணமலை உப்புவெளியில் பதினொரு ஆண்டுகளாகப் படம் எடுத்து வருகிறேன். கலியாண வீடும் சாமத்திய வீடும்தான் பிழைப்பு. மனம் கிடப்பது கடலுக்குள். தண்ணீருக்கடியில் தன் முகத்தைப் படமாகப் பார்க்க ஆசைப்பட்டு வருபவர்கள், "எந்தச் சேலை உடுக்கட்டும் அக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது, "மூச்சை மெல்ல வெளியே விடத் தெரியுமா?"

நன்றாக நீந்துபவர்கள்கூட இதில் தடுமாறுகிறார்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கினால் உடல் தக்கையாக மேலே எழும்பும். கீழே நிற்பதற்காகக் கைகாலை அடிப்பீர்கள். கன்னம் உப்பும், புருவம் நெரியும். பாதி மூச்சோடு இறங்கி, அதிலும் சிறிதை மெதுவாக விட்டால் உடல் தானே அமிழும், முகமும் இளகும். ஒரு வாரம் முன்பே இதைப் பழகுங்கள். நீச்சல் தடாகமோ அலையடிக்காத கரையோ, இடுப்பளவு தண்ணீர் போதும். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். பத்து விநாடிக்கு மேல் நான் யாரையும் கீழே வைத்திருப்பதில்லை.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். இறங்குமுன் வேகவேகமாகப் பல தடவை மூச்சு வாங்காதீர்கள். அதனால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்துவிடும். மூச்சு முட்டும் உணர்வைத் தருவதே அதுதான். அந்த எச்சரிக்கை வராமலே ஒட்சிசன் குறைந்து, தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடலாம். என்னோடு வரும் சுழியோடி மாமா படம் முடியும்வரை உங்களிடமிருந்து கண்ணை எடுக்க மாட்டார். அவர் வராத நாளில் நான் கடலில் இறங்குவதில்லை.

அடுத்தது கண். கண்ணீரில் லீட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்பு. கடல்நீரில் 35 கிராம். எரியத்தான் செய்யும். கண்ணை மூடியபடி இறங்கி, உடல் நின்ற பிறகு மெதுவாகத் திறந்து, தூரத்து வெளிச்சத்தைப் பாருங்கள். கண்வில்லை போடுபவர்கள் கரையிலேயே கழற்றிவிட வேண்டும். காது அடைப்பதற்கு முன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக்கொள்ளுங்கள். தடிமன் பிடித்திருந்தால் வேறு நாள் பார்ப்போம். மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் கடுகளவில் ஒரு குமிழி ஒட்டிக்கொண்டு நிற்கும். மேலிருந்து வரும் ஒளி பட்டதும் அது முத்துப்போல மின்னி, பார்ப்பவரின் கண் முழுவதையும் தன் பக்கம் இழுத்துவிடும். நான் என் மூக்கைத் தொட்டுக் காட்டினால் உங்கள் மூக்கை விரலால் ஒரு முறை தடவிவிடுங்கள்.

இனிச் சேலை. ஒரு பிள்ளை தன் கூறைச்சேலையோடு வந்தாள். சிவப்புப் பட்டு. எனக்கு அப்போது அனுபவம் போதாது. ஆறு மீட்டர் ஆழத்தில் எடுத்தேன். கரைக்கு வந்து படத்தைக் காட்டியபோது அவளுடைய அம்மா, "பிள்ளை, இது யாருடைய சேலை?" என்று கேட்டார். பழம்புளி நிறத்தில் கிடந்தது. ஒளியில் முதலில் கடல் குடிப்பது சிவப்பைத்தான். ஐந்து மீட்டருக்குள்ளேயே பெரும்பகுதி போய்விடும். இப்போது இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் இறங்குவதில்லை; விளக்கையும் முகத்தருகே கொண்டுபோகிறேன். மஞ்சளும் வெள்ளையும் நன்றாக நிற்கும். நீலம் பின்னணியோடு கரைந்துவிடும். பட்டு தண்ணீர் குடித்துக் கனக்கும். சிஃபோன் அல்லது ஜோர்ஜெட் கொண்டு வாருங்கள். ஊக்கு குத்தவே மாட்டேன். ஒரே இழுப்பில் கழரும்படி நாடாவில் செருகித்தான் உடுத்திவிடுவேன். உள்ளே நீச்சலுடை இருக்க வேண்டும். கொலுசு வேண்டாம், சிக்கும்.

நிலாவெளிக் கரைக்கு அப்பாலுள்ள புறாமலைத் தீவில் எடுக்கலாமா என்று கேட்காதவர் இல்லை. 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடம் அது. ஆறு யார் சேலை முருகைக்கல்லில், அதாவது பவளப்பாறையில், சிக்கினால் கிழிவது சேலை மட்டுமல்ல. பல ஆண்டுகளாக வளர்ந்த கிளையும் முறியும். மணல் அடியுள்ள இடத்துக்குத்தான் கூட்டிப்போவேன். வெயில் பூச்சும் பூச வேண்டாம். அவற்றில் சில முருகைக்கற்களுக்கு நஞ்சு. கோணேசர் மலையடியோ ஆழமும் இழுவையும் உள்ள இடம், படத்துக்கு ஏற்றதல்ல.

மே முதல் செப்டெம்பர் வரை வாருங்கள். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று தொடங்கிவிட்டால் கடல் கலங்கி, கை நீட்டிய தூரத்துக்கு அப்பால் தெரியாது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று உரத்து அடிக்கும் நாளிலும் படகை எடுக்க மாட்டேன். அது கரையிலிருந்து வெளிக்கடலுக்குத் தள்ளும். காலை 9 மணிக்குப் பிறகு, வெயில் உயர்ந்து ஒளி நேராக இறங்கும்போது தொடங்குவோம்.

அன்று காலையில் இரண்டு இடியப்பம் போதும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்தும். நம்முடைய இளஞ்சூட்டுக் கடலிலும் அரை மணி நேரத்தில் சிலருக்கு உதடு நடுங்கத் தொடங்குகிறது. இரண்டு துவாயும், முகம் கழுவ ஒரு போத்தல் நல்ல தண்ணீரும், தலை துவட்டியதும் போட ஒரு பழைய சட்டையும் கொண்டு வாருங்கள். இஞ்சித் தேநீர் என் பிளாஸ்க்கில் இருக்கும்.