வீட்டு வரி மேல்முறையீடு: முதலில் டேப்பை எடுங்கள்

"வரி அதிகம், என்னால் கட்ட முடியாது" என்று எழுதிய மனுக்களை நிறையவே பார்த்திருக்கிறேன். கட்டிட வரைபடம் போடுவது என் தொழில்; வரி நோட்டீஸோடு வருபவர்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது அதோடு ஒட்டிக்கொண்ட வேலை. அப்படி எழுதினால் ஒன்றும் நடக்காது. வரி விகிதத்தை மதிப்பீட்டு அலுவலர் மாற்ற முடியாது. உங்கள் வீட்டைப் பற்றி அவர் பதிந்திருக்கும் விவரமோ மதிப்போ தவறு என்று காட்டினால்தான் மனு நகரும்.

நோட்டீஸில் முதலில் கெடுவைப் பாருங்கள். நாள் கணக்கு நோட்டீஸ் தேதியிலிருந்தா, கைக்குக் கிடைத்த நாளிலிருந்தா என்பதையும் கவனியுங்கள். கெடு தாண்டிவிட்டால் நியாயமான மனுவும் பெரும்பாலும் தள்ளுபடிதான்.

அடுத்து, உங்கள் வீட்டின் மதிப்பீட்டுப் பதிவு நகலைக் கேட்டு வாங்குங்கள். பாதிப் பேர் இதைக் கேட்பதே இல்லை. பரப்பளவு, கட்டிய ஆண்டு, கூரையின் வகை, சொந்தக் குடியிருப்பா வாடகையா என்பதெல்லாம் அதில் இருக்கும். இடித்துத் தள்ளிய கொட்டகை, பதிவில் இன்னும் நின்றுகொண்டிருக்கும். திறந்த பால்கனி அறைக் கணக்கில் சேர்ந்திருக்கும்.

இப்போது டேப்பை எடுங்கள். வெளிப்புறம் 30 அடிக்கு 40 அடி என்றால் 1,200 சதுர அடி. அதே வீட்டை, 9 அங்குல வெளிச்சுவரை விட்டுவிட்டு உள்ளே அளந்தால் 28.5 அடிக்கு 38.5 அடி, அதாவது ஏறக்குறைய 1,097 சதுர அடி. சுவர் மட்டுமே நூறு சதுர அடிக்கு மேல் தின்றுவிடுகிறது! ஆகவே உங்கள் ஊர் விதி வெளி அளவைக் கேட்கிறதா, உள் அளவைக் கேட்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு சண்டைக்குப் போங்கள்.

அளவு சரி, மதிப்புதான் கூடுதல் என்றால் வாதம் வேறு. சந்தை மதிப்பில் வரி போடும் இடங்களில், மதிப்பீட்டுத் தேதியை ஒட்டி விற்பனையான, அதே வயதும் அளவும் கொண்ட அக்கம்பக்கத்து வீடுகளின் பத்திர விலையைக் காட்ட வேண்டும். விளம்பரத்தில் கேட்கும் விலை செல்லாது. ஆண்டு வாடகை மதிப்பில், அதாவது வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்ற கணக்கில் போடும் இடங்களில், உங்கள் வீட்டுக்கு ஒப்பான வீடுகளின் வாடகையைக் காட்ட வேண்டும். விரிசல், நீர்க்கசிவு இருந்தால் புகைப்படத்தோடு, பழுதுபார்க்கும் செலவுக்கு ஒப்பந்தக்காரர் எழுதித் தந்த மதிப்பீட்டையும் இணையுங்கள். வெறும் படத்தைப் பார்த்து யாரும் தொகையைக் குறைப்பதில்லை.

மேல்முறையீட்டுக்கு முன் அலுவலரை நேரில் பாருங்கள். எழுத்துப் பிழை, கூட்டல் பிழை போன்றவை அங்கேயே தீர்ந்துவிடலாம். தீராவிட்டால் மனுவை ஒரே பக்கத்தில் முடியுங்கள்: பதிவில் இருப்பது, உண்மையில் இருப்பது, அதற்கான சான்று, நீங்கள் கோரும் தொகை. நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

மனு நிலுவையில் இருக்கிறது என்று வரியை நிறுத்திவைப்பது ஆபத்து. பல இடங்களில் அபராதமோ வட்டியோ ஏறும். சில இடங்களில் வரி கட்டாதவரின் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள். மதிப்பீட்டை ஏற்கவில்லை, மறுப்புத் தெரிவித்தே செலுத்துகிறேன் என்று எழுதிக் கொடுத்துக் கட்டுங்கள்.

இன்னொன்று, சில இடங்களில் மறுமதிப்பீட்டில் தொகை ஏறவும் கூடும். பதிவில் இல்லாத மாடி அறை உங்கள் வீட்டில் இருந்தால், மனு போடுவதற்கு முன் ஒருமுறை மாடிப்படி ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

உத்தரவு சாதகமாக வந்தாலும், அடுத்த நோட்டீஸில் திருத்திய அளவுதான் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பதிவிலிருந்தே மீண்டும் அச்சடித்து அனுப்பியதைக் கண்டிருக்கிறேன். உத்தரவின் நகல் கையில் இருந்ததால் அது சரியானது.