ரோமானிய வெள்ளிக் காசு வாங்கப் போகிறீர்களா? ஒரு கொலுசுப் பட்டறையிலிருந்து சில யோசனைகள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. வெள்ளியை உருக்கிக் கம்பி இழுத்து, பத்த வைத்து, மெருகு போட்டுக் கொடுப்பது தொழில். ரோமானிய வெள்ளிக் காசு சேர்ப்பது ஆசை. பட்டறையில் கற்றதில் பாதி இந்த ஆசைக்கு உதவுகிறது. மீதியைக் காசின் மேல் காட்டினால் காசு பாழாகிவிடும். வெள்ளியைப் பற்றி ஓரளவு தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் கெடுத்துவிடுகிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

ரோமானியரின் முக்கிய வெள்ளிக் காசுக்கு டெனாரியஸ் என்று பெயர். கி.மு. 211 வாக்கில், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தோடு நடந்த போரின் நடுவே அடிக்கத் தொடங்கினார்கள். அகலம் 18, 19 மில்லிமீட்டர். முதலில் நாலரை கிராம், பிறகு 3.9 கிராம் அளவு. முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்துக் காசு நம் கணக்கில் 97, 98 டச், அதாவது நூற்றுக்கு 97, 98 பங்கு வெள்ளி இருக்கும். கி.பி. 64-ல் பேரரசர் நீரோ எடையையும் குறைத்தார், செம்பையும் கூட்டினார். பின்னால் வந்த பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் வெள்ளி ஏறக்குறையப் பாதிக்கு வந்துவிட்டது. 215-ல் அவர் மகன் கராகல்லா கொண்டுவந்த அன்டோனினியானஸ் என்ற காசு, அடுத்த ஐம்பது, அறுபது வருடத்தில் வெள்ளிப் பூச்சு மட்டும் உள்ள செம்பாகிப் போனது.

மிளகு வாங்க நம் பக்கம் வந்தவை பெரும்பாலும் அகஸ்டஸும் அவருக்கு அடுத்து ஆண்ட டைபீரியஸும் வெளியிட்ட காசுகள். வெள்ளலூர், பொள்ளாச்சி, கரூர் என்று கொங்குப் பகுதியில் கிடைத்த புதையல்களில் இந்த இருவர் முகம்தான் அதிகம். நீரோ மட்டமாக்கிய காசு இங்கே அரிது. நம் வியாபாரிகள் டச் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கும்.

இந்த இரண்டு வகையையும் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். அகஸ்டஸ் காசின் பின்புறம் கையஸ், லூசியஸ் என்ற இரண்டு இளைஞர்கள் நிற்பார்கள். நடுவில் கேடயங்களும் ஈட்டிகளும், மேலே பூசாரியின் கரண்டியும் வளைந்த கோலும் இருக்கும். அவர்கள் பேரன்மார், அகஸ்டஸ் சுவீகாரம் எடுத்துக்கொண்டவர்கள். டைபீரியஸ் காசில் நாற்காலியில் ஒரு பெண் கையில் கிளையோடு உட்கார்ந்திருப்பாள். அவன் தாய் லிவியா என்று பலர் கருதுகிறார்கள். சுற்றிலும் 'பொன்டிஃப் மாக்சிம்' (தலைமைப் பூசாரி என்ற பட்டம்) என்ற எழுத்து. பைபிளில் இயேசு காட்டச் சொன்ன வரிக்காசு இதுதான் என்ற நம்பிக்கை இருப்பதால், ஏராளமாகக் கிடைத்தும் விலை இறங்குவதில்லை. அதனால் முதல் காசாக இதை வாங்க வேண்டாம். மூன்றாம் கோர்டியன் (238 முதல் 244 வரை ஆண்டவன்) வெளியிட்ட அன்டோனினியானஸ், செவரஸ் அலெக்சாண்டரின் டெனாரியஸ் போன்றவை தெளிவான முகத்தோடு குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதில் பழகுங்கள்.

வாங்குவதற்கு முன் நல்ல காசை நேரில் பார்ப்பது அவசியம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுகள் நிறைய உண்டு, வெள்ளிக்கிழமை விடுமுறை. கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் கிடையாது. ஜோலார்பேட்டை போய் ரயில் பிடிக்கலாம், இல்லாவிட்டால் பஸ். வீட்டிலிருந்தே பார்க்க, அமெரிக்க நாணயவியல் கழகத்தின் 'ஓக்ரி' (OCRE) இணையதளம் இலவசம். 'ஆர்ஐசி' (RIC) என்ற ரோமப் பேரரசுக் காசுப் பட்டியலின் எண்படி படங்கள் இருக்கும். மேலே சொன்ன அகஸ்டஸ் காசு அதில் 207. டைபீரியஸில் அதிகம் காணப்படுவது 30. விற்பவர் இந்த எண்ணைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேளுங்கள்.

சரி, போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் பத்து மடங்கு லென்ஸ். உண்மைக் காசு அச்சில் வைத்துச் சுத்தியால் அடித்தது. அடி விழுந்ததும் வெள்ளி வெளிப்பக்கம் ஓடியிருக்கும். எழுத்துகளைச் சுற்றி அந்த ஓட்டக் கோடுகள் தெரியும், விளிம்பில் சிறு வெடிப்புகள் இருக்கும், படம் நடுவிலிருந்து விலகியிருக்கும். இவை குறையல்ல. வார்ப்புப் போலியில் இந்தக் கோடுகள் மழுங்கிப்போய், ஊசி குத்தியது போல் காற்றுக் குமிழித் துளைகள் இருக்கும். விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். வார்ப்பு இணைப்பை அரத்தால் ராவிய தடம் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே வெடிப்பு இருந்தால், குறைந்தது ஒன்று மற்றதைப் பார்த்து வார்த்தது. பட்டறைக்காரர்களுக்கு இந்தக் கண் ஏற்கெனவே உண்டு.

அடுத்து தண்ணீர் எடை. மில்லிகிராம் வரை காட்டும் தராசு வேண்டும். கடைசி இலக்கம் பத்து மில்லிகிராமோடு நிற்கும் தராசில் கணக்கு கெட்டுப்போகும். தராசின் மேல் ஒரு சிறிய டம்ளர் தண்ணீர் வைத்து, எடையைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நைலான் நூலில் காசைக் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக மட்டும் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எண்ணால், காசின் சாதாரண எடையை வகுக்க வேண்டும். காசு 3.750 கிராம், தண்ணீரில் தராசு காட்டியது 0.360 என்றால் விடை 10.42. இதுதான் காசின் அடர்த்தி. சுத்த வெள்ளிக்கு 10.49, செம்புக்கு 8.96. பாதிப் பாதி கலந்தால் 9.66 பக்கம் வரும். அகஸ்டஸ் காசு என்று கொடுத்தது 9-க்குப் பக்கத்தில் நின்றால் உள்ளே செம்பு. ரோமானியர் காலத்திலேயே செம்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்திக் கள்ளக் காசு அடித்தார்கள். அதுவும் பழசுதான், சேர்ப்பவர்கள் உண்டு, ஆனால் அதற்கான விலையில்தான் வாங்க வேண்டும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: இன்றைய போலிக்காரர் நல்ல வெள்ளியிலேயே அடித்தால் இந்தச் சோதனையில் தேறிவிடும். வெள்ளி என்று தெரிவது வேறு, பழசு என்று தெரிவது வேறு.

அப்புறம் செய்யக் கூடாதவை. உரைகல்லில் உரசாதீர்கள், திராவகச் சொட்டு வைக்காதீர்கள், நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சத்தம் பார்க்கக் கீழே போடவே கூடாது. ஈராயிரம் வருடம் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் படிகமாகி நொறுங்கும் நிலையில் இருக்கலாம், விழுந்தால் இரண்டாகிவிடும். பூந்திக்கொட்டை, புளி, எலுமிச்சை, திருநீறு எதுவும் வேண்டாம். குத்துவிளக்கைத் திருநீறு போட்டுத் துலக்குவது சரி. காசில் அந்தக் கருமை பல காலம் படிந்து உண்டானது; வாங்குபவர் அதற்குச் சேர்த்துத்தான் பணம் தருகிறார். பளபளவென்று துலக்கிய காசின் விலை அங்கேயே விழும். ஒட்டிய மண்ணை எடுக்க வேண்டுமானால் காய்ச்சி வடித்த நீரில் (டிஸ்டில்டு வாட்டர்) ஊறவைத்து, பஞ்சுத்துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள்.

எங்கே வாங்குவது என்பதில் நான் கண்டிப்பானவன். பெங்களூரில் நடக்கும் காசுக் கண்காட்சிகள் நம் மாவட்டத்துக்குப் பக்கம். அங்கே சிலர் 'கரூர் அமராவதி மணலில் எடுத்தது' என்று காதோரம் சொல்லி நீட்டுவார்கள். அது பொய்யானால் போலிக் காசு. உண்மையானால், 1878-ம் வருடப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டியது. பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டிய எந்தப் புதையலுக்கும் இதுதான் சட்டம். எப்படிப் பார்த்தாலும் வாங்கக் கூடாது. ஏர் உழும்போது ஒரு காசு கிடைத்தாலும், கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். எந்த வயலில், எந்தப் பானையில், எதோடு சேர்ந்து கிடந்தது என்ற தகவல் போய்விட்டால், அந்தக் காசு வரலாறு சொல்ல முடியாத வெறும் வெள்ளி.

வெளிநாட்டு ஏலத்தில் வாங்குவதானால் முன்பு யாரிடம் இருந்தது என்ற விவரம், பில், படம், எடை, பட்டியல் எண், போலியானால் பணம் திருப்பித் தருவதாக எழுத்து, இத்தனையும் கேட்டு வாங்குங்கள். சுங்கத்தில் என்ன ஆகும் என்று பணம் கட்டும் முன்பே ஒரு சுங்க முகவரிடம் விசாரியுங்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வயதைத் தாண்டிய காசு தொல்பொருள். தனி நபர் அதை இந்தியாவுக்கு வெளியே அனுப்ப முடியாது. உள்ளே வந்த காசைப் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புவது நடக்காத காரியம். சந்தேகம் இருந்தால் ஏலம் கேட்காமல் விடுங்கள். இன்னொரு கோர்டியன் அடுத்த மாதமே வரும்.

வீட்டில் வைக்க மைலார் என்ற பாலியெஸ்டர் தாள் உறை நல்லது. கடையில் மலிவாகக் கிடைக்கும் வழவழப்பான பிவிசி உறை நாளாக நாளாக அமிலம் கக்கிப் பச்சைப் பசை படியவைக்கும். ரப்பர் பேண்ட், கம்பளித் துணி பக்கத்தில் வேண்டாம். அவற்றில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். மழைக்காலத்தில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். பூஜைத் தட்டில் வைத்துச் சந்தனம், குங்குமம் இடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வீட்டில் சொல்லி இதற்கு மட்டும் விலக்கு வாங்கிக்கொள்ளுங்கள். தூக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள், கீழே மெத்தென்று ஒரு துணி விரித்திருக்கட்டும். ஒவ்வொரு காசுக்கும் எடை, தண்ணீர் எடை, பட்டியல் எண், வாங்கிய இடம், தேதி, விலை எழுதிய நோட்டு ஒன்று வேண்டும். பில்லை மட்டும் காசோடு ஒரே உறையில் மடித்து வைக்காமல் தனிக் கோப்பில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.